ஐந்தரை மணி நேரம் பிந்தி வரும் வானொலி

கோத்தகிரியில் இருந்துகொண்டு பிபிசி ரேடியோ 4 கேட்பவர் முதலில் கடிகாரத்தோடுதான் பழக வேண்டும். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அந்த இடைவெளி நான்கரை மணி நேரமாகக் குறைந்துவிடும். ஆகவே அவர்கள் விளக்கணைத்துப் படுக்கும்போது ஒலிக்கும் நிகழ்ச்சி நமக்குப் பால் காய்ச்சும் வேளையிலும், அவர்களுடைய காலைச் செய்தி நமக்கு மதியச் சமையல் அடுப்பிலிருக்கும் வேளையிலும் வந்து சேரும். தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவற்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே எழுதிக் கொடுப்பது என் வேலை. எண்களைப் பார்க்கும் கண்ணுக்குக் காது தேவைப்படுவதில்லை என்பதால், பகல் முழுவதும் ஏதாவது ஒரு பேச்சு ஓடிக்கொண்டேயிருக்கும். அப்படிக் கேட்ட ஒரு குளிர்கால நாளை, வேறு கிழமைகளில் வரும் இரண்டொரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து, இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ரேடியோ 4 என்பது 1967 செப்டம்பர் 30 அன்று, அதுவரை ‘ஹோம் சர்வீஸ்’ என்ற பெயரில் இயங்கிய அலைவரிசையின் இடத்தில் தொடங்கப்பட்டது. பாட்டு அங்கே விருந்தாளி மட்டுமே. செய்தி, நாடகம், விவாதம், அறிவியல், சமயம், நகைச்சுவை, புத்தக வாசிப்பு, வேளாண்மை, வானிலை எல்லாம் பேச்சாகவே நடக்கும். விளம்பரம் கிடையாது, தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகள் ஆண்டுதோறும் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் அது நடக்கிறது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் அஞ்சலகத்தில் பணம் கட்டி ரேடியோ லைசன்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்தவர்கள் உண்டு. அந்தச் சிறு புத்தகத்தை இன்னும் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இந்த மலையில் சில இருக்கலாம்.

காலை ஆறே கால் மணி தாண்டியதும் என் நாள் தொடங்குகிறது. லண்டனில் அப்போது நள்ளிரவு கடந்து 48 நிமிடம். ஒரு மெல்லிய வால்ட்ஸ் இசை ஒலித்து முடிய, கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வாசிக்கப்படும். பிரிட்டனின் வானிலை ஆய்வு நிறுவனமான மெட் ஆபீஸ் தயாரித்துத் தரும் இந்த அறிக்கை, பிரித்தானியத் தீவுகளைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, வேகம், மழை, பார்வைத் தெளிவு ஆகியவற்றை ஒரே வரிசையில் சொல்லிக்கொண்டு போகும். நார்வேயை ஒட்டிய வைக்கிங்கில் தொடங்கி, ஃபார்ட்டீஸ், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று வலமாகச் சுற்றி வந்து, தென்கிழக்கு ஐஸ்லாந்தில் முடியும். வாக்கியம் என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இராது. “தென்மேற்கு, ஐந்து முதல் ஏழு, சில வேளை எட்டு, மழை, நன்று, சில வேளை மோசம்” என்பது போன்ற சொற்கோவைதான். எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. நேரக் கட்டுப்பாட்டினால் சொற்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. தந்தி எழுதுகிறவரின் சிக்கனம் அதில் தெரியும். எண்கள் ப்யூஃபோர்ட் அளவுகோலில் காற்றின் வலிமையைக் குறிப்பவை. எட்டு என்றால் சிறு படகுகள் துறைமுகத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயரத்தில் இருக்கும் ஒருத்திக்கு டாகர் பகுதியின் காற்று எதற்கு என்று கேட்கலாம். என் மாமியார் கேட்டே விட்டார். அவர் மேட்டுப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். சமையலறை ஜன்னலில் தமக்கென்று ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறார். “ஏம்மா, அந்தக் கப்பல்காரங்க ஊர்ல இன்னைக்கும் மழைதானா?” என்பார். “இன்னைக்கும் மழைதானுங்க அத்தை” என்பேன். “நம்ம ஊருப் பனிக்கு ஒருத்தனும் இப்படி வாசிக்கலையே” என்பது அவருடைய குறை. ஜனவரியில் இங்கே பள்ளமான இடங்களில் உறைபனி விழுந்தால் தேயிலைச் செடியின் மேல்தளம் வெந்ததுபோல் கருகிவிடும். அதை முன்னிரவிலேயே, எஸ்டேட் வாரியாக, இப்படி ஒருவர் நிதானமாக வாசித்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று நானும் நினைப்பதுண்டு. தமிழ்க் கடற்கரைக்கு அந்த மரபு புதிதில்லை. “ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது” என்ற வாக்கியத்தை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாம்பனும் நாகப்பட்டினமும் கடலூரும் அந்த வரிசையில் வந்தே காதில் பதிந்திருக்கும். நம்முடையது புயல் வரும்போது மட்டும் வாசிக்கப்படுவது. அவர்களுடையது புயல் இல்லாத நாளிலும் வாசிக்கப்படுவது. இந்த அன்றாடத்தன்மைதான் அதன் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அறிக்கையில் வரும் ஃபிட்ஸ்ராய் என்ற பகுதிக்கு 2002 வரை ஃபினிஸ்டெர் என்று பெயர். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக இருந்து, 1854-இல் மெட் ஆபீஸை நிறுவி, 1861-இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கிய ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அறிக்கை முடிந்ததும் நாட்டுப்பண். லண்டனில் ஒரு மணி, நமக்கு ஆறரை. அதன் பிறகு விடியும்வரை பிபிசியின் உலக சேவையை எடுத்து ஒலிபரப்புவார்கள். நான் அத்தையின் டிரான்சிஸ்டருக்கு இடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அவர்களுக்குப் பொழுது விடிவது நமக்கு முற்பகலில். ஆறு மணிக்குச் சற்று முன்பாக வேளாண்மைச் செய்தி. பிறகு நேர ஒலி. ஐந்து குறுகிய ‘பிப்’, ஆறாவது மட்டும் நீளம்; அந்த நீண்ட ஒலியின் தொடக்கமே சரியான மணி. நேர ஒலி என்ற வழக்கம் 1924 பிப்ரவரி 5 முதல் இருக்கிறது. இணையத்தில் கேட்கும்போது அந்த ஒலி சில பத்து நொடிகள் தாமதித்தே வந்து சேரும் என்பதால் அதைக் கேட்டு யாரும் கைக்கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. இவ்வளவு துல்லியமாக அனுப்பப்படும் ஒன்று இவ்வளவு பிழையாக வந்து சேர்வதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி உண்டு.

ஆறு மணிக்கு, அதாவது நமக்குப் பதினொன்றரைக்கு, ‘டுடே’ தொடங்கும். 1957 அக்டோபரிலிருந்து வரும் செய்தி நிகழ்ச்சி. வாரநாள்களில் மூன்று மணி நேரம். பிரிட்டிஷ் அமைச்சர்களுக்கு இதில் அமர்வது ஒரு தேர்வு எழுதுவதற்குச் சமம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை. கேள்வி கேட்பவர் பதிலை முடிக்கவிடாமல் குறுக்கிடுவதும், பதில் சொல்பவர் கேட்காத கேள்விக்கே விடை சொல்வதும், நம் தொலைக்காட்சி விவாதங்களைவிட மரியாதையான குரலில் நடக்கின்றன என்பதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதற்கு நடுவில், ஏழே முக்கால் மணியை ஒட்டி, மூன்று நிமிடம் எல்லாம் நின்றுவிடும். ‘தாட் ஃபார் த டே’ என்ற சிற்றுரை வரும். ஒரு பாதிரியாரோ, யூத ரபியோ, சீக்கியரோ, இஸ்லாமியரோ, இந்துவோ அன்றைய செய்தியொன்றைத் தம் சமய மரபின் வழியாகப் பார்த்துப் பேசுவார். சமயம் சாராதவர்களுக்கு இதில் இடமில்லை என்பது அங்கே நெடுங்காலமாக நடக்கும் சண்டை.

இந்தச் சிற்றுரையைக் கேட்கும்போதெல்லாம் தென்கச்சி கோ. சுவாமிநாதனை நினைக்காத தமிழ் நேயர் இருக்க முடியாது. வேளாண்மை படித்துவிட்டு வானொலிக்கு வந்த அவர், ‘இன்று ஒரு தகவல்’ என்ற பெயரில் காலைவேளையில் சொன்ன குட்டிக் கதைகள், எந்தச் சமயத்தின் மேடையும் இல்லாமலே அந்த வேலையைச் செய்தன. சிரிக்காத குரலில் சிரிக்க வைப்பார். கடைசி வரியில் ஒரு குத்து இருக்கும், அதைச் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுவார். லண்டன் பேச்சாளர்கள் பலர் கடைசி அரை நிமிடத்தை விளக்கவுரைக்குச் செலவழித்துவிடுகிறார்கள். என் தீர்ப்பு தென்கச்சியாருக்கே.

வியாழக்கிழமையானால் பிற்பகல் இரண்டரை மணிக்கு ‘இன் அவர் டைம்’. ரேடியோ 4-இல் எனக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். 1998 அக்டோபரில் மெல்வின் பிராக் தொடங்கி, 2025 வரை அவரே நடத்தி விலகினார். அமைப்பு மிக எளிது: பல்கலைக்கழகங்களிலிருந்து மூன்று அறிஞர்கள், ஒரு பொருள், முக்கால் மணி நேரம். இந்த வாரம் ஒரு ரோமப் பேரரசர் என்றால் அடுத்த வாரம் பூஞ்சை, அதற்கடுத்த வாரம் ஒரு கணிதத் தேற்றம் என்று பொருள் மாறிக்கொண்டேயிருக்கும். பின்னணி இசை இல்லை, இடையிடையே ‘வாவ்’ இல்லை, தொகுப்பாளரின் சொந்தக் கதை இல்லை. பேராசிரியர் ஒருவர் சுற்றி வளைத்தால் பிராக் சற்று எரிச்சலோடு, சரி, அதன் பிறகு என்ன நடந்தது என்று இழுத்துக்கொண்டு வருவார். அந்த எரிச்சல் நேயர்களின் சார்பில் வருவது என்பது கேட்பவர்களுக்குப் புரியும்.

இதிலே கவனிக்க வேண்டியது, அந்தப் பூஞ்சை நிகழ்ச்சியை நானாக ஒருபோதும் தேடிப் போய்க் கேட்டிருக்க மாட்டேன் என்பது. தேடுபொறியில் நாம் தட்டுவதெல்லாம் ஏற்கெனவே பாதி தெரிந்ததைத்தான். யூடியூப் நாம் நேற்றுப் பார்த்ததை வைத்தே இன்றைக்கும் பரிமாறுகிறது. எனக்கு அது தேயிலை விலையையும் கர்நாடக சங்கீதத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறது. வானொலி நிலையத்தின் நிரலோ, என்னை அறியாத யாரோ ஒருவர் எழுதி வைத்தது. இரண்டரைக்குப் பூஞ்சை என்றால் எனக்கும் பூஞ்சை, எடின்பரோவில் இருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் பூஞ்சை. பத்து நிமிடம் சலிப்பாக இருக்கும்; பதினோராவது நிமிடத்தில், மரத்தின் வேரோடு பூஞ்சை கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது என்று ஒருவர் சொல்லும்போது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் லாங்வுட் சோலையின் மேல் பார்வை தானாகப் போகும். பல்சுவை நிகழ்ச்சி என்று நம் வானொலியில் ஒரு காலத்தில் சொல்லி வந்ததன் பொருள், தனக்குப் பிடிக்கும் என்று தெரியாத ஒன்றையும் நேயருக்குக் கேட்கக் கொடுப்பதுதான் என்பேன்.

மூன்றரைக்கு ‘உமன்ஸ் அவர்’. 1946 அக்டோபர் 7 அன்று தொடங்கிய இந்தப் பெண்களுக்கான நிகழ்ச்சியை முதலில் நடத்தியவர் ஆலன் ஐவிமி என்ற ஆண் என்பது அதன் வரலாற்றில் மிகவும் ரசமான இடம். அப்போது பிற்பகல் இரண்டு மணிக்கு ஒலித்தது; மதியப் பாத்திரங்களைக் கழுவிவிட்டுப் பெண்கள் உட்காரும் நேரம் அது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இப்போது அவர்களுக்குக் காலை பத்து மணி. சிலநாள் நன்றாக இருக்கும், சிலநாள் பாதியில் கணக்குப் புத்தகத்துக்கே கவனம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ அப்படியல்ல. ஆளில்லாத தீவில் ஒதுங்கினால் எந்த எட்டு இசைத்தட்டுகளை உடன் கொண்டுபோவீர்கள் என்று ஒருவரிடம் கேட்டே வாழ்க்கை வரலாற்றை வாங்கிவிடும் உத்தி. 1942 முதல் தேய்ந்துபோகாமல் ஓடுகிறது. பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவிலேயே கிடைக்கும், அவை தவிர ஒரு புத்தகம், ஓர் ஆடம்பரப் பொருள். தமிழில் நடத்தினால் குறளையும் கம்பனையும் தீவிலேயே வைத்துவிட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் எல்லா விருந்தினரும் அந்த இரண்டில் ஒன்றையே சொல்லி நேரத்தைக் கழித்துவிடுவார்கள்.

இந்தப் பல்சுவை நிரலுக்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. 1935-இல் லயனல் ஃபீல்டன் என்பவர் பிபிசியிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1936 ஜூன் 8 அன்று இந்திய அரசு ஒலிபரப்புக்கு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று பெயர் மாறியது அவர் காலத்தில்தான். சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. செய்தி, உரைச்சித்திரம், நாடகம், மகளிர் நிகழ்ச்சி, சிறுவர் நிகழ்ச்சி, கிராம நிகழ்ச்சி என்று நாளைப் பங்கு போட்ட முறை, ‘ஹோம் சர்வீஸ்’ காலத்து பிபிசிக்குச் சகோதர முறை. பாட்டு நம்மிடம் கூடுதல்; கச்சேரி இல்லாத தமிழ் வானொலியை யார் கேட்பார்கள்? ஆனால் பேச்சும் குறைவில்லை. “ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி” என்று டெல்லியிலிருந்து ஒரு கம்பீரமான குரல் வந்தால், இந்த மலையில் பேருந்துக்குக் கிளம்பியவர்களும் வாசற்படியில் நின்று தலைப்புச் செய்திகளைக் கேட்டுவிட்டே போவார்கள். பிபிசியும் தன் பங்குக்கு 1941 மே 3 முதல் தமிழில் பேசியது. ‘தமிழோசை’யின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது.

இருட்டிய பிறகு, ஏழரை மணிக்கு, முந்தைய நாளின் ‘தி ஆர்ச்சர்ஸ்’ மறுஒலிபரப்பாகும். அசல் ஒலிபரப்பு நமக்கு நள்ளிரவு தாண்டி என்பதால் மறுஒலிபரப்பே கதி. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தில் நடக்கும் தொடர் நாடகம் அது. ஒரு பகுதி ஏறத்தாழ 13 நிமிடம். 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாகி வருகிறது. அதன் பிறப்பு சுவையானது. உலகப் போருக்குப் பின் உணவுக்கு ரேஷன் நிலவிய நாட்டில் விவசாயிகளிடம் புதிய முறைகளைக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. உரையாக வாசித்தால் அவர்கள் வானொலியை அணைத்துவிட்டார்கள். பர்மிங்காமில் நடந்த ஒரு கூட்டத்தில் விவசாயி ஒருவர், அக்காலத்தில் நாடே கேட்ட துப்பறியும் தொடரைப் போல விவசாயத்தைச் சொன்னால் கேட்போம் என்றார். காட்ஃப்ரி பேஸ்லி என்ற தயாரிப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டார். வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனையோடு, மாமியார் மருமகள் சண்டைக்கு நடுவே மாட்டுக் காசநோயும், காதலுக்கு நடுவே உருளைக்கிழங்கு நோயும் கதைக்குள் வந்தன.

ஏறத்தாழ அதே உத்தியை வேறு வகையில் நம் வானொலியும் செய்து காட்டியது. 1960களில் தஞ்சாவூர்ப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற புதிய குறுகியகால நெல் பரவியபோது, அதைப் பற்றி விவசாயிகள் பெரும்பாலும் வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளில்தான் கேட்டார்கள். அதனால் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் விழுந்தது. உலகத்தில் எத்தனையோ வானொலி நிலையங்களுக்கு விருது கிடைத்திருக்கலாம். வயலில் விளைந்த ஒன்றுக்குத் தன் பெயர் கிடைத்த நிலையங்கள் அதிகம் இரா.

ஆர்ச்சர்ஸில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். ஆம்பிரிட்ஜில் பால் விலை குறைந்தால் அது ஒரே பகுதியில் தீர்ந்துபோகாது. மாதக்கணக்கில் சாப்பாட்டு மேசையில் பேச்சாக ஓடி, வங்கிக் கடனாக மாறி, அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பாகி, பிறகே ஒரு முடிவுக்கு வரும். பசுந்தேயிலைக்கு இந்த மாதம் கிலோவுக்கு என்ன விலை என்ற அறிவிப்புக்காகக் காத்திருக்கும் சிறு விவசாயிகளின் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வேகம் சொல்லாமலே புரியும். எங்கள் ஊரிலும் அப்படித்தான்: இலை விலை ஏறினால் கூரைக்குப் புது ஓடு, இறங்கினால் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகை அடகு, இரண்டுக்கும் நடுவில் வருடங்கள். 2016-இல் ஹெலன் என்ற பாத்திரத்தைக் கணவன் சிறிது சிறிதாக அடிமைப்படுத்தும் கதை இதே மெதுவான கதியில் வந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு சிறு சொல், ஒரு சிறு தடை, அவள் ஓட்டிவந்த காரை இனி ஓட்ட வேண்டாம் என்ற அக்கறை. வேகமாகச் சொல்லியிருந்தால் அது வில்லன் கதை. மெதுவாகச் சொன்னதால் பக்கத்து வீட்டுக் கதை ஆயிற்று. கேட்டவர்கள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அமைப்பொன்றுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

தமிழில் இன்று இதற்கு நிகராக என்ன இருக்கிறது என்ற கேள்வி இந்த நேரத்தில் எழாமல் இருப்பதில்லை. மக்கள் பேசுவதற்குப் பஞ்சமா? பட்டிமன்றம் கண்ட மொழி இது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். செய்தியைத் தொட முடியாத நிலையம் நடப்பு விவகாரத்தையும் தொடாது, அதைத் தொடாதபோது விவாதமும் ஆய்வும் கூடவே போய்விடும். மிச்சம் சினிமாப் பாட்டும், இரு பாட்டுக்கு நடுவே மூச்சுவிடாமல் பேசும் தொகுப்பாளரும்தான். ஆகாசவாணியிடம் உரிமையும் இருக்கிறது, எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கமும் இருக்கிறது. கொடைக்கானல் பண்பலை 100.5-ஐக் கேட்டால், உயரமான மலையிலிருந்து ஒலிபரப்பும் ஒரே நிலையம் சமவெளியில் எத்தனை மாவட்டங்களை எட்ட முடியும் என்பது தெரியும். உதகையிலும் நிலையம் இருக்கிறது. ஆனால் பேச்சுக்கென்றே நாள் முழுவதும் ஓர் அலைவரிசை தமிழில் வேண்டும் என்று யாரும் கேட்டதாகக் காணோம். பேச்சு என்றால் ‘டல்’ என்ற எண்ணம் நிலையத்தாருக்கும் நேயர்களுக்கும் சேர்ந்தே வந்துவிட்டது.

கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்த நாள்களை இங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை. மின்சாரம் போய்விட்டால் செல்போன் கோபுரம் ஜெனரேட்டரில் டீசல் இருக்கும்வரைதான் பேசும்; நான்கு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் அதற்குப் பின்னும் பேசும். லண்டன்காரர்களும் இதை உணராதவர்கள் அல்லர். பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களின் தலைவர்கள், தங்கள் நாடு இன்னும் இருக்கிறதா என்று அறியச் செய்யும் சோதனைகளில் ஒன்று, ரேடியோ 4 ஒலிக்கிறதா என்று பார்ப்பது என வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னசி எழுதியிருக்கிறார். அந்த நிலையத்தின் நெட்டலைக்கான தனி நிகழ்ச்சிகளையே 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம். சிக்கனம் எல்லா ஊரிலும் முதலில் அலைவரிசை மேல்தான் கை வைக்கிறது.

ஆர்ச்சர்ஸ் முடிந்த வெள்ளிக்கிழமைகளில் எட்டரை மணிக்கு ‘கார்டனர்ஸ் கொஸ்டின் டைம்’ வரும். அத்தையும் நானும் சேர்ந்து கேட்கும் ஒரே நிகழ்ச்சி இது. நான் சொல்லச் சொல்ல அவர் தீர்ப்பு வழங்குவார். 1947 முதல் நடப்பது. தோட்டக்கலை வல்லுநர் மூவர் ஏதாவது ஓர் ஊரின் பொது மண்டபத்துக்குப் போய் உட்கார, ஊர்க்காரர்கள் தங்கள் செடியின் நோவைச் சொல்லிக் கேட்பார்கள். சிலர் வாடிய கிளையையே கையோடு கொண்டுவந்துவிடுவதுண்டு. வானொலியில் அதைக் காட்ட முடியாது என்பதால், வல்லுநர் அதைத் திருப்பிப் பார்த்து, இலையின் அடிப்பக்கம் பழுப்பு, நரம்பு மட்டும் பச்சை, நுனி சுருண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் கடந்துவிடும் இலையை அப்போதுதான் நாம் முழுமையாகப் பார்க்கிறோம்.

அங்கே அடிக்கடி வரும் கேள்வி ஹைட்ரேஞ்சியா பற்றியது: பூ இளஞ்சிவப்பாகவே வருகிறது, நீலமாக என்ன செய்வது? மண் அமிலத்தன்மையாக இருந்தால் செடி அலுமினியத்தை எடுத்துக்கொள்ளும், பூ நீலமாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் எடுத்துக்கொள்ள முடியாது, பூ சிவக்கும் என்பது பதில். தேயிலை விளையும் எங்கள் மண்ணுக்கு அமிலத்தன்மையில் குறைவே கிடையாது. கோத்தகிரிச் சாலையோரங்களிலும், குன்னூர் ரயில் பாதையை ஒட்டிய வேலிகளிலும் அது கேட்பாரற்று நீலமாகப் பூத்துக் கிடக்கிறது. “இதுக்கா அவங்க காசு குடுத்து மருந்து வாங்கி ஊத்தறாங்க? ஒரு கூடை மண்ணு அனுப்பி வெச்சா ஆச்சு” என்பது அத்தையின் தீர்ப்பு.

நத்தைக்கு என்ன செய்வது, மானுக்கு என்ன செய்வது என்று அவர்கள் கேட்கும்போது மட்டும் அத்தைக்குப் பொறுமை போய்விடும். போன மாதம் ஒரு காட்டெருமை வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பீன்ஸ் பாத்தியில் படுத்துவிட்டு, விடிந்த பிறகே எழுந்து போயிற்று. வல்லுநர்கள் மானுக்குப் பரிந்துரைத்தது ஆறடி வலைவேலியும், வாசனை மிகுந்த செடிகளை ஓரத்தில் நடுவதும். “நம்ம கேள்வியையும் எழுதிப் போடும்மா, என்ன சொல்றாங்கன்னு பாப்போம்” என்றார் அத்தை. காட்டெருமையின் எடை ஒரு டன்னை நெருங்கும் என்பதையும், லாவெண்டர் நட்டால் அது பயப்படுமா என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.